தாங்குவதும் இயங்குவதும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஒரு குறுகிய பட்டைக்குள் மட்டும் ஓடும் இதை எலெக்ட்ரோஜெட் என்கிறார்கள். 1837-இல் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் இந்நகரில் அமைந்த வானாய்வகத்தில், ஜான் ஆலன் பிரௌன் 1850-களில் காந்த ஊசியின் அன்றாட அசைவுகளை விடாமல் குறித்துவைத்தார். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவ அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்ததும் காந்த நடுக்கோடு அருகில் இருந்ததால்தான். பிறகு அங்கிருந்து காந்தமானிகளைச் சுமந்து சென்ற ராக்கெட்டுகள் அந்த ஓட்டத்தை ஊடுருவி அளந்தன. புவியின் காந்தப் புலம் இங்கே கிடைமட்டமாகக் கிடக்கிறது. மேலும் கீழும் நகரப் பார்க்கும் மின்னூட்டங்களுக்கு வழி அடைபட்டு, அவை இரு விளிம்புகளிலும் குவிகின்றன. அந்தக் குவியலே ஒரு மின்புலமாகிக் கிழக்கு நோக்கிய ஓட்டத்தைப் பல மடங்கு பெருக்குகிறது. கட்டு இல்லையென்றால் இந்த வேகமும் இல்லை.

கட்டே வேகம் தரும் இந்த நிலை நம் சமய வாதங்களில் மிகப் பழைய ஒன்றைத் தொடுகிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. உயிர் கரையேறுவது தன் முயற்சியாலா, இறைவன் அருளாலா என்ற கேள்விக்கு வைணவரில் வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் காட்டினார்கள். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1885-இல் இந்நகரில் சைவப் பிரகாச சபையை நிறுவினார். அவர் சார்ந்த சைவ சித்தாந்தத்துக்கும் அருளும் முயற்சியும் எப்படிப் பொருந்துகின்றன என்பது உயிர்நாடியான கேள்வி. இந்தச் சண்டையில் இரு தரப்பும் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளும் எடுகோள் ஒன்று உண்டு. அருளும் முயற்சியும் ஒரே சொத்தில் பங்காளிகள், ஒன்று கூடினால் மற்றது குறைந்தே தீரும் என்பது அது. அது தவறு என்பதே என் வாதம்.

அதற்கு எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான சான்று டோகமாக், அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் கட்டிவைக்கும் வளையப் பொறி. குஜராத்தில் காந்திநகரை அடுத்த பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 1989-இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா, நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோகமாக். பிரான்சில் எழும் பன்னாட்டு டோகமாக்கான ஈட்டரிலும் இந்தியா ஒரு பங்குதாரர். ஈட்டரின் வளையக் கலத்துக்குள் 15 கோடி பாகை வெப்பமுள்ள பிளாஸ்மா சுவரில் படாமல் நிற்க வேண்டும். கலத்தைச் சுற்றியுள்ள சுருள்கள் வளையத்தின் போக்கிலேயே காந்தப் புலத்தைத் தருகின்றன. அது மட்டும் போதாது. வளைந்த புலத்தில் அயனிகள் ஒரு பக்கமும் எலெக்ட்ரான்கள் எதிர்ப்பக்கமும் ஒதுங்க, பிளாஸ்மா முழுவதும் வெளிச்சுவரில் போய் விழும். பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டம் புலக்கோடுகளை முறுக்கும்போதுதான் அது நிற்கிறது. அப்படியானால் தன் மின்னோட்டத்தாலேயே அது தன்னைக் கட்டிக்கொள்ளலாமா? முடியாது, வெளியிலிருந்து தாங்குவது எதுவும் இல்லாத பிளாஸ்மா விரிந்து சிதறியே தீரும் என்று விரியல் தேற்றம் காட்டுகிறது. சுருள்களை அருளாகவும் பிளாஸ்மாவின் மின்னோட்டத்தை முயற்சியாகவும் கொண்டால், இதுவரை ஆளுக்குப் பாதி என்று தோன்றலாம். ஆனால் 1950-களில் இயற்பியலாளர்கள் குருஸ்கலும் ஷாப்ரனோவும் கண்ட வரம்பு வேறு கதை சொல்கிறது. சுருள்களின் புலத்தை இரு மடங்காக்கினால், அதே உருவமும் அளவும் உள்ள பிளாஸ்மா நிலைகுலையாமல் ஏந்தக்கூடிய மின்னோட்டமும் இரு மடங்காகிறது. தாங்குவது கூடக்கூட இயக்கத்துக்கும் இடம் கூடுகிறது. பங்குக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

எல்லாம் சுருள்களின் செயல்தானே, உயிருக்கு என்ன பொறுப்பு என்று கேட்பவர், மின்னோட்டம் உள்ளே எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் அளவுமீறிக் குவிந்தால், மைய வெப்பநிலை மெல்ல ஏறி, ஒரே கணத்தில் சரிந்து, மறுபடி ஏறும். 1974-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் பதிவுசெய்த வரைகோடு ரம்பப் பற்களைப் போலவே இருந்தது. நடுப்பகுதி ஒரு பக்கம் சாய, புலக்கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணைய, சேர்த்துவைத்த சூடு வெளியே கொட்டிவிடுகிறது. மாறாக, நடுவில் குறைந்து சற்றுத் தள்ளி மிகுந்த பரவல் தக்க நிலையில் அமைந்தால், உள்ளேயே ஒரு தடுப்பு எழுந்து வெப்பக் கசிவைக் குறைக்கிறது. சுருள்கள் அவையே, மொத்த மின்னோட்டமும் அதுவே. உள் அமைப்பு மாறியதும் கதி மாறுகிறது. இதைவிட வியப்பானது பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம். மையத்திலிருந்து விளிம்புக்கு அழுத்தம் சரியும்போது பிளாஸ்மா தானே மின்னோட்டத்தின் ஒரு பகுதியை உண்டாக்கிக்கொள்கிறது. கட்டு நன்றாக இருந்தால்தான் அந்தச் சரிவும் நிலைக்கும். தாங்கப்படுவதிலிருந்தே தன்முயற்சி பிறக்கிறது.

சடப்பொருளைக் காட்டி உயிரின் நிலையை நிறுவலாமா என்பது நியாயமான தடை. நிறுவ முடியாது, இறைவன் உண்டென்றோ அருள் உண்டென்றோ டோகமாக் சொல்லவில்லை. ஆனால் ‘ஒன்று கூடினால் மற்றது குறையும்’ என்பது எங்கும் செல்லும் பொதுவிதியாக வைக்கப்பட்டது. பொதுவிதி விழ ஓர் எதிர்ச்சான்று போதும். உயிர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பவர் அதற்குத் தனிக்காரணம் காட்ட வேண்டும். சுருளும் பிளாஸ்மாவும் ஒரே சடம்தானே என்று அத்வைதி கேட்டால், அதை மறுக்க என்னிடம் இங்கே சான்று இல்லை; அந்த வழக்கு வேறு. வலுவான தடை, பிளாஸ்மாவை வேறு வழியில் கட்டிவைக்கும் ஜெர்மனியின் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் பொறி. அங்கே விசித்திரமாக முறுக்கிய சுருள்களே கிட்டத்தட்ட முழு வேலையையும் செய்கின்றன. பூனைக் குட்டியின் பக்கம் வென்றதுபோல் இருக்கும். ஆனால் அங்கும் அழுத்தச் சரிவு பூட்ஸ்ட்ராப் மின்னோட்டத்தை எழுப்புகிறது. வடிவமைத்தவர்கள் அதை மிகக் குறைத்தார்கள், மிச்சத்தைக் கணக்கில் வைத்தே பொறியை இயக்குகிறார்கள். முழுக்கக் கவ்விச் செல்லும் இடத்திலும் குட்டி வெறுமனே தொங்கவில்லை.

சுந்தரம் பிள்ளை அறிவியல் துறைகளை வகைப்படுத்தித் தமிழில் ‘நூற்றொகை விளக்கம்’ எழுதியவர். அவருக்குச் சமயமும் அறிவியலும் ஒரே மேசையில் இருந்தன. இன்றைய சித்தாந்த வகுப்புகளும் வைணவ சபைகளும் அருளையும் முயற்சியையும் பற்றிப் பேசும் நாளில் ஓர் இயற்பியல் ஆசிரியரையும் அழைத்து உட்காரவைக்க வேண்டும்.