விதி வளைந்தால் விளக்கு எரியுமா?

ஒரு நிமிடம் கண்களை மூடி, இப்படிக் கற்பனை செய்து பாருங்கள்.

சந்நிதியில் நிற்கிறீர்கள். குருக்கள் பால்குடத்தைச் சாய்க்கிறார். பால் கீழே இறங்க மறுத்து, குடத்துக்குள்ளேயே நிற்கிறது. விளக்கில் எண்ணெய் நிறைய இருக்கிறது. ஆனால், திரி அதை மேலே உறிஞ்சவில்லை. மாலையில் போட்ட முடிச்சு நிற்காமல் நழுவுகிறது. நெற்றியில் இட்ட விபூதி ஒட்டவில்லை. சரி, பிராகாரத்தையாவது வலம் வரலாம் என்று அடியெடுத்து வைத்தால், கால் வழுக்கிக்கொண்டே போகிறது!

என்ன ஆயிற்று? புவியீர்ப்பு, உராய்வு, நுண்புழை ஏற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே... அந்த விதிகளெல்லாம் ஒரே ஒரு நிமிடம் விடுப்பு எடுத்துக்கொண்டன. அவ்வளவுதான்! அந்த ஒரு நிமிடத்தில் அபிஷேகமும் இல்லை; ஆராதனையும் இல்லை.

ஆனால், நாம் கோயிலுக்குப் போய் என்ன கேட்கிறோம்? ‘சாமி! எனக்கு மட்டும் விதியைக் கொஞ்சம் மாற்று’ என்றுதானே? அப்படிக் கேட்பது சரியா, தவறா?

இதற்கு விடை சொல்லும் திருத்தலம் ஒன்று இருக்கிறது. வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் வழியில், பாலாற்றங்கரையில் அமைந்திருக்கும் விரிஞ்சிபுரம். சுவாமியின் திருநாமம் மார்க்கபந்தீஸ்வரர். அழகு தமிழில் வழித்துணைநாதர். அம்பாள் மரகதாம்பிகை.

இந்த ஆலயத்தில் காலம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமாக எண்கள் செதுக்கிய கல் அது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் எந்த எண்ணின் மீது விழுகிறதோ, அதுதான் மணி. சாவி கொடுக்க வேண்டாம். பேட்டரி மாற்ற வேண்டாம். சூரியன் தன் பாதையிலிருந்து பிசக மாட்டான், ஒளி நேர்க்கோட்டில்தான் வரும் என்ற நம்பிக்கையில் நம் முன்னோர் செதுக்கிய கடிகாரம்!

அதே ஆலயத்தில் மூலவரைத் தரிசியுங்கள். லிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருக்கும். ஏன்? தந்தையை இழந்த அர்ச்சகர் குலத்துச் சிறுவன் ஒருவன், அபிஷேகம் செய்ய வந்தான். கை எட்டவில்லை. தவித்துப்போன அந்தப் பாலகனுக்காக ஈசன் தன் முடியைச் சாய்த்துக் கொடுத்தார் என்கிறது தலபுராணம்.

ஆக, வளையாத விதியை நம்பிய கல்லும், அன்புக்கு வளைந்த கல்லும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன! இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? கோயிலுக்கு வெளியே, அந்தப் பாலாற்றையே கேட்போம், வாருங்கள்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் பூமி இது. ‘தோலா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். சுவாமி புறப்பாட்டில் முழங்கும் தவிலில் கட்டியிருப்பதும் தோல்தான்!

பச்சைத் தோல் அழுகாமலிருக்க முதலில் உப்பு தடவுவார்கள். உப்பு, தோலிலிருக்கும் ஈரத்தை வெளியே இழுத்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் கிருமிகளுக்கு வாழ்வில்லை. வீட்டு ஜாடியில் மாங்காய் கெடாமல் காக்கிறதே, அதே விதிதான். அந்த விதி இல்லாவிட்டால் ஆம்பூரில் ஒரு ஜோடி செருப்புகூடத் தயாராகாது.

ஆனால், உப்புக்கு இன்னொரு விதியும் உண்டு. அது தண்ணீரில் கரையும், பள்ளம் நோக்கி ஓடும், மண்ணுக்குள் இறங்கும். எங்கே போனாலும் இல்லாமல் மட்டும் போகாது! தோலைக் காத்த அதே உப்பு, கிணற்றில் இறங்கினால் பயிரின் வேரைத் தண்ணீர் குடிக்க விடாது. தோலிலிருந்து ஈரத்தை இழுத்த அதே குணம்தான். இப்போது அது வேரிடம் வேலை காட்டுகிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானது என்ற மதிப்பீடு, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. முறையில் தண்ணீரைப் பிரித்தெடுக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனாலும், எஞ்சும் உப்பு எங்கோ குவியத்தானே செய்கிறது?

தேக்கிவைத்த தண்ணீருக்கும் விதி உண்டு. ஆழம் கூடக்கூட, அது சுவரை அதிகமாகத் தள்ளும். 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வந்தவர்கள். அந்தத் தொட்டியைக் கட்டியவர்கள் அவர்கள் இல்லை.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்கிறோம். இங்கே கவனியுங்கள்! விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். உப்பைக் கொட்டியவர் யார் என்று தண்ணீர் கேட்பதில்லை. சுவரைச் சரியாகக் கட்டாதவர் யார் என்று பார்த்து அது இடித்துத் தள்ளுவதும் இல்லை. இயற்கையின் விதி நேர்மையானது. ஆனால், அதற்குக் கண் கிடையாது.

கண்ணாக இருக்க வேண்டியவர்கள் நாம்தான். ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’ என்று அந்த 1996-ம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னதன் பொருள் என்ன? விதைத்தவரே அறுக்கட்டும் என்பதுதானே! 2025 ஜனவரி 30 அன்றும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள்! விதி ஒரு நொடிகூடத் தாமதிப்பதில்லை. தாமதிப்பதெல்லாம் மனிதர்கள்தான்.

இப்போது விரிஞ்சிபுரம் சொல்லும் விடை புரிகிறதா? ஈசன், வலுத்தவனுக்காக வளையவில்லை. தகப்பன் இல்லாத, கை எட்டாத ஒரு பிள்ளைக்காக வளைந்தார். அப்போதும் அவர் சூரியனை நிறுத்தவில்லை, நிழலைத் திருப்பவில்லை. தன் தலையைத்தான் சாய்த்தார்.

நாமும் அப்படியே செய்யலாமே! உப்பைக் கரையாதே என்று சொல்ல நம்மால் முடியாது. ஆனால், கிணறு கெட்டுப்போன விவசாயிக்காகவும், தொட்டிச் சுவருக்கு அருகில் படுத்துறங்கும் தொழிலாளிக்காகவும் நம் லாபத்தைக் கொஞ்சம் சாய்க்கலாம். வசதியைக் கொஞ்சம் வளைக்கலாம்.

அடுத்த முறை விளக்கேற்றும்போது, திரியில் எண்ணெய் ஏறுவதைக் கவனியுங்கள். உங்கள் பிரார்த்தனையைக் கேட்பதற்கு முன்பே இறைவன் கொடுத்துவிட்ட வரம் அது. பிறகு கை கூப்பி, ‘என் வழியை மாற்று’ என்று கேட்காதீர்கள். ‘வழித்துணைநாதா! இந்த வழியில் நான் யாரையும் மிதிக்காமல் நடக்கத் துணையாக வா’ என்று கேளுங்கள்.

வராமலா போவார், அந்த வழித்துணைநாதர்!