தேக பாரமும் சைவ நெறியும்

சரீரத்துக்கு உண்டாகும் உபாதைகளுள் எவற்றைப் பொறுத்துக்கொள்வது தர்மம், எவற்றை நீக்கிக்கொள்வது தர்மம் என்னும் விசாரம் நம் சமயத்தில் புதியதன்று. ஆயினும், தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தயங்காமல் பரிகாரம் தேடுகின்ற நாம், பருத்த தனங்களையுடைய ஒரு பெண் அவற்றின் பாரத்தால் தோளும் கழுத்தும் முதுகும் நொந்து, தன் உடலுக்கு இசைந்த ஒரு மார்க்கச்சைத் தேடி அலைகிறாள் என்று கேள்விப்பட்டால் மாத்திரம், அதனை அலங்காரப் பிரியம் என்றோ, நாலு பேர் முன் பேசத்தகாத சங்கதி என்றோ ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவதற்குச் சமயத்தையும் துணைக்கு அழைக்கிறோம். உடம்பு அழியும் பொருள், அதற்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று கேட்கிற பெரியவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுள் ஆண்களைப்போலவே பெண்களும் உண்டு.

ஆலயத்துக்குள்ளே இந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. திருவண்ணாமலையில் அம்பிகையின் திருநாமம் உண்ணாமுலை. திருநாகேச்சரத்தில் அவள் குன்றமாமுலையம்மை, வடமொழியில் கிரிகுஜாம்பிகை. சீகாழித் திருக்குளக் கரையில் அழுத குழந்தைக்கு உமாதேவியார் தம் திருமுலைப்பாலைக் கிண்ணத்தில் ஊட்டியதனாலே அப்பிள்ளை ஞானசம்பந்தரானார் என்னும் சரித்திரத்தை நம் சிறுவர் சிறுமியர் சைவசமய பாடத்திலே படிக்கிறார்கள். இவற்றையெல்லாம் கேட்டுக் கைகூப்பி நிற்கும் அதே பெண்மணி, பெரியகடையிலோ சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ ஒரு புடைவைக்கடைக்குள் நுழைந்தால், தனக்கு வேண்டிய அளவை வாய்திறந்து சொல்லமாட்டாமல், பக்கத்தில் நிற்கும் ஆண்கள் விலகும்வரை வேண்டாத துணியொன்றைப் புரட்டிக்கொண்டு நிற்கிறாள். விற்கிற பிள்ளையும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இருக்கிறதிலை உதுதான் பெரிசு, நாப்பத்திரண்டு" என்று ஒரு பெட்டியை நீட்டுகிறது. பொருத்திப் பார்க்க மறைவிடம் இல்லை. பொருந்தாவிட்டால் மாற்றித் தரும் வழக்கமும் இல்லை. பிரித்துப் பாராமலே பணத்தைக் கொடுத்து, பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

அந்த நாற்பத்திரண்டு என்னும் இலக்கத்திலேதான் துன்பம் தொடங்குகிறது; ஆகையால் அதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். மார்க்கச்சுக்கு அளவுகள் இரண்டு. தனங்களுக்குக் கீழே விலாவைச் சுற்றிவரும் பட்டியின் அளவு ஒன்று. தனங்களை ஏந்தும் கிண்ணத்தின் அளவு மற்றொன்று. 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்னும் பெண்மணி காப்புரிமை பெற்ற கச்சு மெல்லிய துணியும் நாடாவும் கொண்டு ஆக்கப்பட்டது. மெலிந்த தேகத்தாருக்கு அது போதும், பருத்த தனங்களை அது தாங்காது. கிண்ணத்துக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்திட்டு அளக்கும் முறை 1930களிலேதான் வந்தது. மார்பின் பருத்த பாகத்தைச் சுற்றிய அளவுக்கும் அதன் கீழே விலாவைச் சுற்றிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு ஓர் எழுத்தாக ஏறிச் செல்லும். விலா 34 அங்குலமும் மார்பு 41 அங்குலமும் உள்ள ஒருத்திக்கு வித்தியாசம் 7 அங்குலம். பிரித்தானியக் கணக்கில் அவளுடைய அளவு 34 எஃப். நம் கடைகளில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் பி, சி என்னும் கிண்ணங்களே. ஆதலால் கிண்ணத்தின் கொள்ளளவை எப்படியாவது ஈடுசெய்ய வேண்டிப் பட்டியை உயர்த்தி 42ஐக் கொடுக்கிறார்கள். கிண்ணம் ஒருவாறு கொள்ளும். ஆனால் எட்டங்குலம் மிகையான பட்டி விலாவைப் பற்றாது. அது முதுகிலே மேலேறிவிட, பாரம் முழுவதும் இரண்டு ஒடுங்கிய வார்களின்மேல் விழுகிறது. ஒரு பந்தலைக் கால்கள் தாங்கவேண்டுமேயன்றி, மேலே கட்டிய கயிறு தாங்கலாகாதல்லவா? இங்கே கயிறே தாங்குகிறது.

அதன் பலனை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒரு மாமி, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உற்சவத்தின் தேர்நாளன்று விடியற்புறம் வெளிவீதி மணலிலே அடிக்கொரு தரம் விழுந்து வணங்கி அடியழித்துவிட்டு வந்து, நான் வார்த்துக்கொடுத்த தேநீரைத் தொடாமலே சட்டையின் தோட்பக்கத்தைத் தளர்த்தினார். ஒவ்வொரு தோளிலும் வார் அழுந்திய இடம் ஒரு விரல் புதையக்கூடிய பள்ளமாகிக் கறுத்திருந்தது; அது அன்றைக்கு உண்டானதன்று, நாற்பது வருஷத்துப் பள்ளம். தனங்களின் கீழ் வியர்வை தேங்கித் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. சின்னவிரல் விறைப்பதாகவும் சொன்னார். "முருகனுக்கு நேந்தது பிள்ளை, நோகாமல் செய்யேலுமே" என்றார். அவருடைய பக்தியின்முன் நான் இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் நேர்ந்துகொண்டது அடியழித்தலையேயன்றி அந்தப் பள்ளத்தையன்று. முருகன் கேளாத ஒரு நோவை, கடைக்காரரின் கையிருப்புக் குறைவினாலும் நம் வாயடைப்பினாலும் உண்டான ஒரு நோவை, விரதத்தின் கணக்கிலே சேர்த்துவிடுவது சரியா என்பதே என் வினா.

நமஸ்கார விதியையே எடுத்துப் பாருங்கள். ஆடவர் அட்டாங்கமாகவும் பெண்கள் பஞ்சாங்கமாகவும் வணங்கவேண்டும் என்பது சைவ ஆசாரம். தலை, கையிரண்டு, முழந்தாளிரண்டு என்னும் ஐந்து உறுப்புகளே பெண் வணங்கும்போது நிலத்திற் பொருந்துவன. மார்பும் வயிறும் மண்ணில் அழுந்தலாகாது என்பதே பெரியோர் கூறிவரும் காரணம். கோயிலைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்பவர்கள் ஆண்கள்; பெண்களுக்கு அடியழித்தலே வகுக்கப்பட்டது. ஆகவே, இறைவனைப் பணிகின்ற கணத்திலும் பெண்ணின் தேகம் இன்னதென்று அறிந்து, அதற்கு இசையும்படி கிரியையை மாற்றி அமைத்தவர்கள் நம் முன்னோர். தேகத்தைக் கருதிக் கிரியையையே மாற்றலாமென்றால், தேகத்தைக் கருதி ஒரு துணியை மாற்றுவதில் என்ன தோஷம் இருக்கமுடியும்?

சித்தாந்தம் இதற்கு இன்னும் ஆழமான ஆதாரத்தைத் தருகிறது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் ஆன்மா ஈடேறும்பொருட்டு இறைவன் மாயையினின்றும் ஆக்கிக் கொடுத்தவை. உடம்பு ஆன்மாவின் சொந்தப் பொருளன்று. ஒரு காரியத்துக்காகத் தரப்பட்ட கருவி. இரவலாகப் பெற்ற பொருளைச் சொந்தப் பொருளினும் கவனமாகப் பேணுவது நல்லோர் இயல்பு. உடம்பை முன்பு இழிவென்று எண்ணியிருந்து, பின்பு அதனுள்ளே உத்தமன் கோயில் கொண்டதை உணர்ந்து அதனை ஓம்பத் தொடங்கியதாகத் திருமூலர் தம்மைப் பற்றியே சொல்லியிருக்கிறார். இரவு முழுவதும் கழுத்து நொந்து புரண்டு படுப்பவள் காலையில் எந்தத் தியானத்தில் மனத்தை நிறுத்துவாள்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். முலையை ஊன்பிண்டமென்றும் உடலை மலக்குடமென்றும் பழித்த துறவியரும் சித்தர்களும் நம் மரபிலே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்கள் வாக்கை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்கள் தம் இச்சையை அடக்க முயன்ற ஆடவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட உபதேசங்கள். அவர்கள் வெளியே நின்று ஒரு பெண்ணின் மார்பைப் பார்த்தவர்கள். அதற்குள்ளே இருந்து அதனைச் சுமந்தவர்களல்லர். காமத்துக்கு மருந்தாகச் சொல்லப்பட்டதைச் சுமக்கிறவளின் வலிக்கு விடையாகக் கொள்ளுதல் பொருந்தாது. காரைக்காலம்மையார் பெண்ணாயிருந்தும் தசையை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றாரே எனில், அவர் உதறியது கணவனுக்காகவே அதுகாறும் தாங்கிய வனப்பை. அவன் தம்மைத் தெய்வமென்று வணங்கி விலகிய பின்னரே அதனை வேண்டாமென்றார். வேண்டியவுடன் இறைவன் அருளினார் என்பதும் சிந்திக்கத்தக்கது: பாரம் வேண்டாம் என்று ஒரு பெண் கேட்டபோது, பொறுத்துக்கொள் என்ற விடை அவளுக்குக் கிடைக்கவில்லை. நாவுக்கரசர் சரித்திரமும் இதே திசையையே காட்டுகிறது. சூலைநோய் குடரைப் பிசைந்தபோது அவர் திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து, முதன்முதலாகப் பாடியதே தாங்கமுடியாத வயிற்றுவலியைப் பற்றிய முறையீடு. வலியை வலி என்று வாய்விட்டுச் சொன்னதிலிருந்து நம் திருமுறைகளின் ஒரு பெரும்பகுதி பிறந்திருக்கிறது.

வினைப்பயன் என்று சொல்வாரும் உண்டு. "பொம்பிளையாப் பிறந்தால் உதெல்லாம் இருக்கும்தானே" என்பது அதன் வீட்டுவழக்கு. பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டியதுதான். ஆனால் அதனைக் காட்டி மருத்துவத்தை விலக்கிய தேசமன்று நம்முடையது. நந்திக்கொடி உயர்த்திய ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆதரவிலே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் எழுந்தன. மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் இளைஞருக்குத் தமிழிலேயே அங்கவியலையும் வைத்தியத்தையும் கற்பித்தார். சைவர்களும் அவரிடம் சென்று நோய் தீர்ந்தார்கள்.

அப்படியானால் இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? இதைச் சொல்லும்போது நம் சமூகத்தின் ஒரு பெரும் பாவத்தைத் தொடாமல் அப்பால் செல்ல முடியாது. மார்பை மூடுவது எல்லாப் பெண்களுக்கும் உரிய ஒழுக்கமாக இந்நாட்டிலே முன்பு கருதப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணியலாகாது என்று தடுக்கப்பட்டார்கள்; இருபதாம் நூற்றாண்டிலும் குறுக்குக்கட்டோடு வயலிலும் வளவிலும் அவர்கள் உழைக்கவேண்டியிருந்தது. கடலுக்கு அப்பால் திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் அடியும் அவமானமும் பட்டு நெடுங்காலம் போராடிய பின்னரே, 1859ஆம் ஆண்டில் மேலாடை அணியும் உரிமையை மகாராசாவின் பிரகடனத்தால் பெற்றார்கள். அப்போதுங்கூட உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான். ஒரு சாதிக்கு நாணம் என்று விதித்ததை மற்றொரு சாதிக்குக் குற்றம் என்று தண்டித்தவர்கள், அந்த நாணத்தைச் சநாதன தர்மம் என்று சொல்ல உரிமையற்றவர்கள். அது அதிகாரத்தின் ஏற்பாடு. மேற்சட்டைக்காகப் போராடிய பெண்களின் பேர்த்தியர், அந்தச் சட்டைக்குள்ளே நோகாமல் இருப்பதற்கும் உரிமையுடையவர்களே.

இன்னொரு செய்தியும் என் மனத்தை வருத்துகிறது. மார்க்கச்சுத் தைத்து உலகுக்கு அனுப்பும் தேசங்களுள் இலங்கை பேர்பெற்றது. 1987ஆம் ஆண்டு தொடங்கிய மாஸ் நிறுவனம் இத்துறையில் உலகறிந்தது. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் அதன் தொழிற்சாலைகள் எழுந்தன. நூற்றுக்கணக்கான வன்னிப் பெண்கள் அங்கே தையல் இயந்திரங்களின் முன் இருக்கிறார்கள். இங்கேயோ, லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் அக்காவிடம், "வரேக்கை ரண்டு வாங்கிக்கொண்டு வா" என்று தொலைபேசியில் இரகசியமாகச் சொல்லவேண்டிய நிலை. லண்டன் கடையில் ஒரு பெண்ணே நாடாவால் அளந்து, மறைவறையில் அணிவித்துப் பார்த்துத் தருகிறாள். அக்கா இல்லாதவளுக்கு அந்த வழியும் இல்லை.

செய்யத்தக்கவை அரியனவல்ல. ஒரு நாடாவும் தனியறையும் இருந்தால் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். நல்ல கச்சின் பட்டி முதுகிலே நேராக நிற்கும், மேலேறாது. கடைசிக் கொளுவியில் இறுக்கமாகவும், பழகித் தளர்ந்தபின் உட்கொளுவிகளிலும் பொருந்தும். இரு கிண்ணங்களின் நடுப்பாகம் மார்பெலும்பிலே படிந்திருக்கும். வார்களைத் தோளிலிருந்து நழுவவிட்டாலும் பாரம் உடனே சரியாது. நம் வெயிலுக்குப் பருத்தியே உத்தமம். வார் அகன்றிருத்தல் வேண்டும். கம்பி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கிராமத்துத் தையற்காரப் பெண்களுள் கைதேர்ந்தவர்கள், பெரிய கச்சின் பட்டியை வெட்டி ஒடுக்கித் தருவதையும், கிண்ணத்தை மூன்று துண்டாக இணைத்துத் தைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்; கேட்டால் செய்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. புடைவைக்கடை முதலாளிமார் ஒரு மூலையைத் திரையிட்டு மறைத்து, அளக்கத் தெரிந்த ஒரு பெண்ணை அமர்த்தி, டிக்கு மேற்பட்ட கிண்ணங்களையும் தருவித்து வைத்தால், அது தானத்தில் சேராவிட்டாலும் தர்மத்தில் சேரும்.

அரசாங்கம் 1996ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்குகளுக்கு முப்பத்தைந்து வயதான பெண்கள் அழைக்கப்பட்டு, மார்பிலே கட்டி ஏதும் உண்டோ என்று பரிசோதிக்கப்படுகிறார்கள். தன் தாயிடமும் சொல்லாத நோவை ஒரு பெண் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லத் துணிகின்ற இடம் அது. அந்த மேசையின்மேல் ஓர் அளவுநாடாவையும் வைத்து, பரிசோதனை முடிந்ததும் தோளிலே பள்ளம் உண்டா என்று கேட்டு, அவளுடைய இரண்டு அளவுகளையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கலாம். அதைக் கடையில் நீட்டினால் போதும். அவள் வாய்திறந்து ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.