ஒரே தழை, வேறு வேறு வயிறு

ஆட்டுக்குடல் வாங்கிக் கழுவிப் பழகியவர்களுக்கு, அதில் துவாலைத் துணிபோல் சொரசொரப்பாக இருக்கும் பகுதி நன்றாகத் தெரியும். ஆட்டின் முதல் இரைப்பை அது. உட்சுவரில் நெருக்கமாக முளைத்திருக்கும் சின்னஞ்சிறு காம்புகள்தான் அந்தச் சொரசொரப்பு. ஆடு தின்ற தழையின் சத்தில் பெரும்பங்கு இரத்தத்துக்குள் போவது இந்தக் காம்புகளின் வழியாகத்தான்.

நமக்குச் சத்து உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலில். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயிற்றிலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. தழையில் உள்ள செல்லுலோஸை உடைக்கும் நொதி நம் உடம்பில் சுரப்பதில்லை; ஆட்டின் உடம்பிலும் சுரப்பதில்லை. உடைப்பவை, முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். வளர்ந்த பசுவுக்கு அந்த ஒரு பையே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். தின்ற தீவனம் அதற்குள் காற்றுப் படாமல் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் உண்டாகும் அசிட்டிக், புரப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களே பசு உயிர்வாழ்வதற்கான முக்கிய எரிபொருள். வேலை செய்து முடித்த நுண்ணுயிர்களும் அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டுச் செரிக்கப்படுகின்றன. மாட்டுக்குச் சேரும் புரதத்தில் பெரும்பங்கு அவையே.

முயலும் தழை தின்னிதான். ஆனால் அதற்குப் புளிப்பு நடக்கும் இடம் குடலின் பின்பகுதி. அங்கே சத்தில் ஒரு பகுதி, உறிஞ்சும் இடத்தைத் தாண்டியே விளைகிறது. அதனால் முயல் தன் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்று, இரண்டாம் முறை செரிக்கிறது. வளர்ப்பவர்கள் அருவருத்து அதைத் தடுத்துவிடக் கூடாது. தடுத்தால் முயலுக்குச் சத்துக்குறைவு வரும்.

இவ்வளவும் இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு. ஒரே இனத்துக்குள், மந்தைக்கு மந்தை வயிறு வேறுபடுமா? வேறுபடும் என்பதற்குச் சவுண்டல் மரத்தின் கதையைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

சூபாபுல் என்றும் நாம் அழைக்கும் இந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். தழையில் புரதம் மிகுதி. கூடவே மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதை அதிகம் மேய்ந்த ஆடுமாடுகளுக்கு முடி உதிர்ந்தது, தைராய்டு வீங்கியது, எடை ஏறவில்லை. ஹவாய்த் தீவுகளின் ஆடுகளோ அதே தழையை வயிறு நிறையத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், வேறுபாடு ஆட்டின் உடம்பில் இல்லை, அதன் வயிற்றில் குடியிருப்பவற்றில்தான் இருக்கிறது என்று கருதினார். ஹவாய் ஆடுகளின் இரைப்பையிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய ஆடுமாடுகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நேற்றுவரை நஞ்சாக இருந்த தழை தீவனமாயிற்று. இந்த வெற்றி 1986இல் வெளியானது. நஞ்சை முறிக்கும் அந்த நுண்ணுயிருக்கு 1992இல் பெயரிட்டபோது, ஜோன்ஸின் பெயரையே சேர்த்து 'சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை' என்றார்கள். ஆட்டின் மரபணு ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது அதன் வயிற்றின் குடிகள் மட்டுமே.

மனிதரிடம் மரபணுவே மாறியிருக்கும் இடமும் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். கைக்குழந்தைக்கு அது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது குறைந்துபோகிறது. மற்றவர்களுக்கு ஏன் குறைவதில்லை? லாக்டேஸ் மரபணுவின் அருகே ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை, பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் இந்தியாவிலும் இருக்கிறது. வடமேற்கில் மிகுதியாகவும், தெற்கே வர வரக் குறைவாகவும். ஆகவே "எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் சொன்னால் அது வீம்பும் அல்ல, பெரும்பாலும் நோயும் அல்ல. அவருக்கே தயிர் ஒத்துக்கொள்வதும் வியப்பில்லை. உறைமோரின் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுகின்றன. மீதியைக் குடலில் உடைக்கவும் அவற்றின் நொதி உதவுகிறது.

இனம், மந்தை, ஆள் என்று இறங்கி வந்தோம். இன்னும் ஒரு படி உண்டு. ஒரே ஆளின் குடல்கூட எல்லா நாளும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. இரும்புச் சத்தைப் பாருங்கள். உடம்பில் இருப்பு நிறைந்திருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற இயக்குநீரைக் கூடுதலாகச் சுரந்து குடலின் கதவைச் சாத்துகிறது. இருப்பு குறைந்தால் ஹெப்சிடின் குறைந்து கதவு திறக்கிறது. கதவு திறந்தே இருந்தாலும், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பைத் தேநீரும் காப்பியும் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதை விடுவிக்கும்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு, இரும்புக் குறைவாலும் வரும் இரத்தசோகை இருந்தது. வீட்டில் இரத்தசோகை உள்ளவர் இருந்தால், கீரை சமைத்துப் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்ட கையோடு அவர் குடிக்கும் காப்பியை ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சோற்றோடு ஒரு துண்டு நெல்லிக்காயும் வையுங்கள்.