பெற்றோரைப் பேணலும் முதியோர் இல்லமும்

அன்னையையும் தந்தையையும் கண்கண்ட தெய்வங்களாகப் போற்றுவது சைவ மக்களின் மரபாகும். விநாயகப் பெருமான் அம்மையப்பரை வலம் வந்து மாங்கனி பெற்ற கதையைக் கேளாத பிள்ளை ஊரில் இல்லை. அக்கதையைக் கேட்டு வளர்ந்த சமூகத்திலே, பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் இதற்கு விடை கூறிவிட முடியாது.

முன்னாளில் ஒரே வளவுக்குள் மூன்று தலைமுறை வாழ்ந்தது. பேரப்பிள்ளை வெற்றிலை இடித்துக் கொடுக்க, மருமகள் கஞ்சி வைத்துக் கொடுக்க, முதுமை பாரமாகத் தெரியவில்லை. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த போரும் இடப்பெயர்வும் அந்த வளவுகளைக் கலைத்தன. பிள்ளைகள் கனடா, இலண்டன், அவுஸ்திரேலியா எனப் பிரிந்தனர். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதை அடைந்தோர் அல்லது கடந்தோர். பல ஊர்களில் அறைகள் பூட்டிய பெரிய வீட்டில் ஒரு தாய் தனியே விளக்கேற்றுகிறாள்.

அத்தகைய தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். வயது எழுபத்தெட்டு. பிள்ளைகள் மாதந்தோறும் காசு அனுப்புகிறார்கள், தொலைபேசியிலும் கதைக்கிறார்கள். ஒருநாள் விடியற்காலை கிணற்றடியில் வழுக்கி விழுகிறாள். பால்காரர் வரும்வரை தூக்கிவிட ஆளில்லை. அதன் பின்னரும், “இல்லத்தில் விட்டால் சனம் என்ன சொல்லும்?” என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். இங்கே காக்கப்படுவது தாயா, அல்லது குடும்பத்தின் மானமா? ஊர்வாய்க்கு அஞ்சி ஒருவரை ஆபத்தில் தனியே விடுவது அறமாகாது.

அதற்காக முதுமை வந்தவுடன் இல்லத்தைத் தேடவும் வேண்டியதில்லை. நடமாடக்கூடியவருக்கு, பகலில் வந்து சமைத்து உதவும் ஒருவரும் இரவில் துணைக்கு ஒருவரும் போதும். உடன்பிறந்தார் அல்லது பெறாமக்கள் வீட்டில் மனமொப்பி இருக்கலாம். படுக்கையில் விழுந்தவருக்கும் நினைவு தடுமாறுபவருக்குமே இரவு பகலான பராமரிப்புத் தேவை. கட்டணம் பெறும் இல்லங்களும், அறநிலையங்கள் நடத்தும் இல்லங்களும், கைதடியில் உள்ளது போன்ற அரச முதியோர் இல்லமும் உள்ளன. அரச இல்லம் ஆதரவற்றோருக்கானது. வசதியுள்ளவர் தம் பெற்றோரை ஆதரவற்றோர் எனக் காட்டி அங்கே சேர்த்தால், உண்மையில் எவருமற்ற ஒருவரின் இடம் பறிபோகிறது. அது இரட்டைப் பாவம்.

இல்லம் எதுவாயினும் சேர்க்குமுன் நேரில் சென்று பார்த்தல் வேண்டும். மலசலகூடத்தில் பிடித்து எழும்பக் கைபிடி உண்டா, இரவில் கூப்பிட்டால் ஆள் வருமா, மருந்தை நேரத்துக்குக் கொடுப்பவர் யார், சைவ உணவு கிடைக்குமா, வெள்ளிக்கிழமை கும்பிட ஓர் இடம் உண்டா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாகக் கேட்கப்பட வேண்டியவர் போகவிருக்கும் தாய் அல்லது தந்தையே. அவர் அறியாமல் உடுப்புப் பெட்டி கட்டப்படுமானால், மாளிகை போன்ற இல்லமும் அவருக்குச் சிறையே.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் கடமையாக விதிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரவும் சபையொன்று உண்டு. ஆனால், சட்டத்தால் பணத்தை வாங்கிக் கொடுக்க முடியுமேயன்றிப் பாசத்தை வாங்கிக் கொடுக்க முடியாது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையிலே சிவபெருமான் தாயுமானவர் எனப் பெயர்பெற்ற வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பேறுகாலத்தில் தவித்த இரத்தினாவதியிடம் அவள் தாயால் வந்துசேர முடியவில்லை, காவிரியில் வெள்ளம். இறைவனே தாய் வடிவில் வந்து மருத்துவம் பார்த்தார். பெற்றவள் வரமுடியாதபோது பிறர் கை தொட்டுச் செய்யும் பணிவிடையில் இழிவு இல்லை; அதில் இறைவனே நிற்கிறான் என்பது இதன் பொருள். இல்லத்தில் அழுக்குத் துணி மாற்றி, சோறூட்டி விடும் பணியாளரின் தொண்டு சிவத்தொண்டே. அவரை வேலைக்காரர் என ஏளனமாக எண்ணுதல் தகாது.

ஆயினும் அவ்வரலாற்றில் இன்னொன்றும் உண்டு. வெள்ளம் வடிந்ததும் பெற்ற தாய் மகளிடம் ஓடி வந்தாள். பிறர் பார்க்கிறார்கள் என்று அக்கரையில் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் நெஞ்சைக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தடுப்பது உண்மையான வெள்ளமா, அல்லது வர மனமின்மையா? வேலை, விசா, நோய் என்பன வெள்ளங்கள்தாம். அவை வடிந்த பின்னும் வராதிருப்பதே கைவிடல். அதே வீட்டில் இருந்துகொண்டு பின் விறாந்தையில் கிடக்கும் தந்தையோடு ஒரு வார்த்தை கதைக்காத மகனும் கைவிட்டவனே. ஆகவே, பாவமும் புண்ணியமும் கூரையில் இல்லை. மனத்திலும் அதன்வழி நடக்கும் செயலிலும் உள்ளன.

ஆலயத்துக்கும் அடியார்க்கும் இதில் பங்குண்டு. கொடியேற்றத்தன்றோ தேரன்றோ இல்லத்து முதியவர்களை வாகனம் அமர்த்தி அழைத்து வரலாம். வர இயலாதவர்களுக்கு விபூதியும் பிரசாதமும் கொண்டு சென்று, அருகிருந்து ஒரு தேவாரம் பாடலாம். தனியே வாழும் முதியவரின் படலையைத் தினமும் ஒருவர் தட்டிப் பார்க்கலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

இன்று பிறரைத் தாங்கும் கைகளும் ஒருநாள் தளர்ந்து, தாங்குவோரை நாடும். தளர்ந்தோர் எவரும் தனித்துவிடாதிருக்க எல்லாம் வல்ல அம்மையப்பர் திருவருள் பாலிப்பாராக.