கிணறு யாருடையது?

ஒருவன் தன் நிலத்தில், தன் பொருளைச் செலவிட்டுக் கிணறு ஒன்று தோண்டுகிறான். அதில் ஊறும் நீர் முழுவதும் அவனுக்கே உரியதா? சட்டம் கூறும் விடை ஒருபுறம் இருக்க, அறம் கூறும் விடை யாது? இதனை ஆராய்வதற்கு இலட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காய் ஏற்ற இடமாகும்.

மினிக்காய் ஒரு பவளத் தீவு. அங்கு ஆறில்லை, மலையில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் வாழ்ந்தனர். ஆடவர் சூரை மீன் பிடிப்பர். கப்பல் தொழிலுக்கும் செல்வர். முற்காலத்தில் அவர்தம் மரக்கலங்கள் மாசிக் கருவாடும் கயிறும் ஏற்றிக் கல்கத்தாத் துறைக்கு வந்து, அரிசி கொண்டு மீண்டன. ஆடவர் கடல்மேற் சென்றிருக்க, இல்லமும் ஊரும் பெண்டிர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் மூப்பனும் மூப்பத்தியும் உண்டு. பொதுப்பணிகளை ஊரார் கூடியே செய்வர்.

அத்தீவின் மண்ணுக்கடியில், மழைநீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகள் பல; நீரோ ஒன்றே. அளவோடு முகப்பார்க்கு நன்னீர் கிடைக்கும். ஒருவன் பொறி வைத்து ஓயாது இறைப்பானாயின், அடியிலுள்ள உப்பு மேலெழும். அவன் கிணறும் கெடும், அயலான் கிணறும் கெடும். ஆதலின், கிணறு அவனுடையதாயினும் நீர் அவனுடையதன்று.

"அங்குள்ள அடக்கம் அச்சத்தால் வந்தது, அச்சத்தால் வருவது அறமாகுமா?" எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. தொடக்கம் அச்சமாக இருக்கலாம். ஆயினும், "எனக்கு உப்பாகும்" என்னும் எண்ணத்தோடு "பிறர்க்கும் உப்பாகும்" என்னும் எண்ணமும் சேரும்போது அச்சம் அறமாக மாறுகிறது.

கொல்கத்தாவில் வாழும் நம் நிலை வேறன்று. ஆழ்குழாய்க் கிணறுகள் பல்லாண்டுகளாக இறைத்ததனால், நகரின் பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது. ஆனால் இங்கே தீங்கு மெல்ல வருகிறது. எவரால் வந்தது என்று அறிய முடியாதபடி வருகிறது. விளைவு தாமதிப்பதால் பொறுப்புக் குறைவதில்லை. செய்தவன் பெயர் தெரியாத தீங்கும் தீங்கே அன்றோ?

2011இல், கடல்நீரினின்று நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் ஆக்கும் ஆலை ஒன்று மினிக்காயில் நிறுவப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், தட்டுப்பாடு தணிந்த பின்னரும் அடக்கம் நிலைக்குமாயின், அப்போதுதான் அதனை முழுமையான அறம் என்று துணியலாம். அத்தீவினர்க்கு அச்சோதனை இப்போதுதான் தொடங்கியுள்ளது. நமக்கோ, வீட்டுக்குள் குழாய் வந்த அன்றே அது தொடங்கிவிட்டது.