வாங்குகிறவன் பாவம்

கசாப்புக் கடையில் பாவம் யாருக்கு? கத்தி பிடித்தவருக்கா, காசு கொடுத்து அரைக் கிலோ வாங்கிப் போகிறவருக்கா? வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். தின்ன ஆளில்லை என்றால் விற்கவும் ஆளிருக்காது என்பது அவர் கட்சி. 'நான் கொல்லவில்லை சார், வாங்கத்தானே செய்தேன்' என்ற சால்ஜாப்பு அவரிடம் செல்லாது.

அமெரிக்காவில் செல்லும் போலிருக்கிறது. காங்கோ நாட்டின் கோபால்ட் சுரங்கங்களில் மண் சரிந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும், கை கால் இழந்த சிறுவர்களும் 2019-ல் ஒரு வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பில் ஆப்பிள், கூகுளின் தாய்க் கம்பெனி, டெல், மைக்ரோசாஃப்ட், டெஸ்லா. 2024 மார்ச்சில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. உலகச் சந்தையில் ஒரு பொருளை வாங்கியதாலேயே, அதைத் தோண்டுகிற இடத்தில் நடக்கும் கொடுமையில் பங்கெடுத்ததாக ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். மனசுக்கு?

கோபால்ட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அநேகமாக இந்த நிமிஷம் உங்கள் சட்டைப் பையில் சில கிராம் இருக்கிறது, செல்போன் பேட்டரிக்குள்.

லித்தியம் பேட்டரியின் சூட்சுமம் எளிமையானது. எதிரெதிராக இரண்டு வீடுகள். லித்தியம் அயனிகள் சார்ஜ் போடும்போது கார்பன் வீட்டுக்குப் போகும், போனை உபயோகிக்கும்போது எதிர்வீட்டுக்குத் திரும்பி வரும். அந்த எதிர்வீட்டை 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கட்டியவர் ஜான் குடினஃப். சரக்கு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. இட்லித் தட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். இடுக்குகளில் லித்தியம் நுழைந்து வெளியே வந்தாலும் அடுக்கு சரியாமல் பிடித்துக்கொள்கிறது கோபால்ட். ஜப்பானில் அகிரா யோஷினோ கார்பன் வீட்டைச் சரிசெய்ய, 1991-ல் சோனி விற்க ஆரம்பித்தது. இந்த இருவருக்கும், இவர்களுக்கு முன்னால் வழி காட்டிய ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் 2019-ல் நோபல் பரிசு.

உலகத்தில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் 70 சதவிகிதத்துக்கு மேல் காங்கோவிலிருந்து வருகிறது. பெரும்பகுதி இயந்திரச் சுரங்கங்களில். மிச்சம், கடப்பாரையும் கையுமாக ஏழைகள் தோண்டுவது. 2016-ல் ஆம்னெஸ்டி அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், ஏழு வயதுப் பிள்ளைகள்கூட தாதுக் கற்களைப் பொறுக்கி, கழுவி, மூட்டை சுமந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு நாள் முழுக்க உழைத்தால் ஒன்றிரண்டு டாலர். இந்தக் கல்லும் அந்தக் கல்லும் வியாபாரிகளிடம் கலந்து, உருகி, உப்பாகி, உங்களிடம் வரும்போது எது யார் பொறுக்கியது என்று எந்த பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

சரி, கோபால்ட்டே இல்லாமல் செய்தால்?

அதையும் செய்துவிட்டார்கள். அதில் நம்ம ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்குண்டு. ஆறுமுகம் மந்திரம், மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் டாக்டர் பட்டம் வாங்கி, குடினஃப்பிடம் போய்ச் சேர்ந்தவர். இரும்பு மலிவுதான், ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடில் வோல்டேஜ் போதாது. அதே இரும்பை சல்ஃபேட்டோடு சேர்த்துக் கட்டினால் வோல்டேஜ் ஏறுகிறது என்று 1980-களின் கடைசியில் இவர்கள் இருவரும் காட்டினார்கள். அந்த வழியில் போய், 1997-ல் டெக்சாஸில் குடினஃப்பின் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தது. இரும்பு கடப்பாரையில் இருக்கிறது, பாஸ்பேட் உர மூட்டையில் இருக்கிறது. அதே எடைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் தாங்கும். ஆனால் லேசில் தீப்பிடிக்காது, விலை கம்மி. 2024-ல் உலக மின்சார வாகனச் சந்தைக்குப் போன பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி இந்த ரகம். செல்போனில் இடம் சின்னது என்பதால் அங்கே இன்னும் கோபால்ட் ராஜ்யம்தான்.

ஆக, பாவம் பாதி தீர்ந்தது, மீதியையும் விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நிம்மதியாகத் தூங்கலாமா?

முதல் சிக்கல், கம்பெனிகள் கோபால்ட்டை விட்டதற்குப் பெரிய காரணம் காசு. கருணைக்கும் ஓரளவு இடம் இருந்திருக்கலாம், ஆனால் கணக்குப் பிள்ளை கையெழுத்துப் போட்டது விலைப் பட்டியலைப் பார்த்துத்தான். நாளைக்குக் கோபால்ட் சல்லிசாகக் கிடைத்தால் திரும்பிப் போக மாட்டார்கள் என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா?

இரண்டாவதுதான் நிஜமான சிக்கல். நீங்கள் கறி வாங்குவதை நிறுத்தினால் ஆடு பிழைத்துக்கொள்ளும், புல் மேய்ந்துகொண்டு. வள்ளுவர் கணக்கு அங்கே சுத்தமாக நேராகிறது. நீங்கள் கோபால்ட் வாங்குவதை நிறுத்தினால் அந்தப் பையன் மறுநாள் ஸ்கூலுக்குப் போவானா? ஸ்கூல் ஃபீஸ் கட்ட வழியில்லாமல்தானே கல் பொறுக்க வந்தான்? 2022-ல் உச்சத்தில் இருந்த கோபால்ட் விலை, 2025 தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. அளவுக்கு மீறித் தோண்டியது முக்கியக் காரணம், இரும்பு பேட்டரியும் தன் பங்குக்கு உதவியது. காங்கோ அரசாங்கம் ஏற்றுமதியையே கொஞ்ச காலம் நிறுத்திப் பார்த்தது. இதில் யார் வயிறு முதலில் காய்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கை கழுவுவது என்ற வார்த்தைக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். அழுக்குப் போக்குவது ஒன்று, அம்போ என்று விட்டுவிடுவது இன்னொன்று. முப்பது வருஷம் ஒருத்தர் வீட்டுப் பிள்ளை தோண்டிக் கொடுத்ததை வைத்துப் பேசிச் சிரித்துவிட்டு, மலிவாக வேறு சரக்கு கிடைத்ததும் கிளம்பிப் போவது எந்த ரகம்? தோண்டுகிற இடத்தில் ஒழுங்கான கூலி, சரியாத சுரங்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இதெல்லாம் இருந்தால்தான் வாங்குவோம் என்று அடம்பிடித்து, அதற்காகக் கூடுதலாக நாலு காசு கொடுத்து வாங்குவது, வாங்காமல் இருப்பதைவிடக் கஷ்டமான தர்மம். அதை எந்த லேபிலும் தயாரிக்க முடியாது.

அடுத்த தடவை செல்போன் மாற்றும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, கோபால்ட் எங்கேயிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கடைப் பையன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான், பரவாயில்லை. நூறு பேர் கேட்டால் முதலாளியிடம் சொல்வான். லட்சம் பேர் கேட்டால் கம்பெனியே பதில் தேட ஆரம்பிக்கும்.