கலர் பாட்டிலில் மண்ணெண்ணெய்

தாகமென்று ஓடிவந்த குழந்தை, பாத்திரத்தின் உருவத்தைக் கொண்டே உள்ளிருக்கும் பதார்த்தத்தை நிச்சயிக்கிறதேயன்றி, முகர்ந்து பார்த்து ஆராய்வதில்லை; அங்ஙனமிருக்க, நேற்றுவரை கலர் நிறைந்திருந்த பாட்டிலிலே இன்று மண்ணெண்ணெயை ஊற்றி, அதையும் அடுப்படி மூலையில் தரைமீதே வைத்துவிட்டு, விபரீதம் நேர்ந்தபின் விதியின்மீது பழி சுமத்துகிற நமது வழக்கத்தை என்னவென்று சொல்வது! நடக்கக் கற்ற கால்களும், கண்டதையெல்லாம் வாயிலிட்டு அறிய விழையும் ஆவலும் ஒன்றுசேர்கிற 1 முதல் 3 வயது வரையிலான பருவத்திலேதான் இவ்வாபத்து மிகுதி.

மண்ணெண்ணெயின் தீங்கு வயிற்றைக் காட்டிலும் சுவாசப்பைக்கே அதிகம். சமையல் எண்ணெயைப்போல் கெட்டியாக இராமல் எளிதில் ஓடிப் பரவும் இயல்பினதாகையால், விழுங்கும்போதோ வாந்தியெடுக்கும்போதோ அதில் ஒரு சிறு பாகம் மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரலில் அழற்சி உண்டாகிவிடும். இதனை உணராது, வாத்ஸல்யத்தின் மிகுதியால் உப்புநீரையோ புளிக்கரைசலையோ புகட்டி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி வரவழைக்கும் பெரியோர், முதன்முறை தப்பிய நுரையீரலை மறுமுறை அபாயத்துக்கு உள்ளாக்குகிறார்கள். (பாட்டிமார்களின் கைவைத்தியத்தில் எனக்கு நிரம்பப் பக்தி உண்டு; ஆயினும் இவ்விஷயத்தில் மட்டும் அவர்களோடு வாதிடத்தான் வேண்டும்.) இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடுமாதலால், எண்ணெயில் நனைந்த உடையைக் களைந்து, தோலைச் சோப்பு நீரால் கழுவி, குழந்தை சௌக்கியமாக விளையாடினாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனால் வைத்தியருக்கு உபகாரமாக இருக்கும்.